"அடங்கவே மாட்டேங்கிறான் டீச்சர்"

சிறப்புக் கல்வி ஆசிரியையான என்னிடம் வரும் பெற்றோர் பலரும் முதலில் சொல்வது இதைத்தான். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கும் இதே புகார், ஓசிடி, அதாவது வேண்டாத பயத்தால் ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் மனநலப் பிரச்சினை உள்ள பிள்ளைக்கும் இதே புகார். பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். இருவரும் பென்சிலை வரிசையாக அடுக்குவார்கள். ஆட்டிசம் உள்ளவனுக்கு அது நிம்மதி, கலைத்தால்தான் துடிப்பான். ஓசிடி உள்ளவனோ, அடுக்காவிட்டால் அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற பயத்தில் அடுக்குகிறான். அவனுக்கே அது பிடிக்காது. சில பிள்ளைகளுக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். அதைப் பிரித்தறிய மனநல மருத்துவர் வேண்டும்.

ஆட்டிசம் உள்ள, பேச்சு வராத ஒரு சிறுவன் எங்கள் வகுப்பில் தன் கையையே கடித்துக்கொள்வான். எப்போதெல்லாம் கடிக்கிறான் என்று குறித்து வைத்தோம். சத்தம் கூடும்போதும், பாடம் கடினமாகும்போதும்தான். "போதும்" என்பதற்கு ஒரு பட அட்டை கொடுத்தோம். அவன் நீட்டிய உடனே வெளியே அழைத்துப் போனோம், ஒருமுறைகூடத் தவறாமல். கேட்டதும் கொடுத்தால் கெட்டுப்போவான் என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. உதவி கேட்கக் கற்றுக்கொடுத்தால் ரகளை குறைகிறது என்று எட்வர்ட் கார், மார்க் டூரண்ட் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1985-லேயே ஆய்வில் காட்டிவிட்டார்கள். கேட்டால் கிடைக்கும் என்ற நம்பிக்கை வந்த பிறகுதான் "அஞ்சு எண்ணிட்டுப் போலாம்" என்றோம். அப்புறம் பத்து. காத்திருக்க அவன் அப்படித்தான் பழகினான். கையை ஆட்டிக்கொண்டே காத்திருப்பான். அதைத் தடுக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஓசிடிக்கு இந்த வழி உதவாது. அங்கே கேட்டதைக் கொடுக்கக் கொடுக்கப் பயம்தான் வளரும். "என் கை சுத்தமா இருக்காம்மா?" என்று ஒரு சிறுமி நாள் முழுக்கக் கேட்பாள். பாசத்தில் அம்மா ஒவ்வொரு முறையும் "இருக்குடா கண்ணு" என்பார். அந்தப் பதில் தரும் நிம்மதி சில நிமிடம்தான், மறுபடி அதே கேள்வி. பயப்படும் பொருளைத் தொட்டுவிட்டுக் கழுவாமல் இருக்கப் பழக்கும் சிகிச்சையை லண்டனில் உளவியலாளர் விக்டர் மேயர் 1966-ல் விவரித்தார். இன்றும் முதன்மையான சிகிச்சை அதன் வழிவந்ததுதான். உளவியலாளர்தான் அதை நடத்துவார். வகுப்பில் அதைத் தொடர்வது என் வேலை. எதை முதலில் தொடுவது என்பதைப் பிள்ளையே தேர்ந்தெடுக்க வேண்டும். அதட்டித் தொட வைப்பது சிகிச்சை ஆகாது, கொடுமை. அவள் பெஞ்சைத் தொட்டாள். பயம் எவ்வளவு என்று பத்துக்கு மதிப்பெண் போட்டாள். எட்டு. கழுவாமல் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள், ஆறானது, நாலானது. கழுவாமலே பயம் இறங்கும் என்பதை நான் ஆயிரம் முறை சொல்லியிருந்தாலும் அவள் நம்பியிருக்க மாட்டாள்.

வீட்டில் பதில் சொல்லாமல் இருப்பதுதான் அம்மாவுக்குப் பெரும்பாடாக இருந்தது. பிள்ளை அழும்போது வாய் மூடியிருக்க எந்தத் தாயால் முடியும்? கடைசியில் சிறுமியே, "நான் கேட்டாலும் சொல்லாதேம்மா" என்றாளாம். சரி, கை விஷயம் ஓரளவு கட்டுக்குள் வந்துவிட்டது. இப்போது நோட்டில் ஒரே எழுத்தை அழித்து அழித்து எழுதுகிறாள். அடுத்த வாரம் ரப்பர் இல்லாமல் ஒரு வரி எழுதிப் பார்க்கலாம் என்று அவளே சொல்லியிருக்கிறாள்.