செருகினால் நின்றுபோகும் கணினி

மட்டக்களப்புப் பக்கத்துக் கூத்துகளைப் படம்பிடித்துச் சேர்ப்பது என் பொழுதுபோக்கு. அவற்றின் இரு பாணிகளான வடமோடியும் உண்டு, தென்மோடியும் உண்டு. கூத்து இரவு தொடங்கினால் விடியும்வரை நடக்கும். என் கமராவோ 4 ஜிபி நிரம்பியதும் கோப்பை வெட்டி அடுத்ததைத் தொடங்கிவிடும். மெமரி கார்டின் எஃப்ஏடி32 அமைப்பு அதற்கு மேல் பெரிய கோப்பைத் தாங்காது. ஆகவே ஓர் இரவுக் கூத்து ஒரு கோப்புறை நிறையத் துண்டுகளாக வந்து சேரும். அத்தனையும் கையடக்கமான 2 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் இருந்தன. அதைச் செருகினால் மேசைக் கணினி நின்றுபோகத் தொடங்கியது.

மருமகன் பார்த்தவுடன் தீர்ப்புச் சொன்னான்: "விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடுவோம் மாமா." கணினிக்கு என்ன நோய் வந்தாலும் எங்கள் ஊரில் இந்த ஒரே கஷாயம்தான். நான் இணங்கவில்லை. டிஸ்க்கைக் கழற்றினால் எல்லாம் ஒழுங்காக ஓடும்போது விண்டோஸ் என்ன பாவம் செய்தது?

'நிற்கிறது' என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தால் எதுவும் பிடிபடாது. எது நிற்கிறது, எப்போது நிற்கிறது என்று எழுதி வைத்துப் பார்த்தபோது, ஒரே டிஸ்க்கின் பெயரில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத தொல்லைகள் கலந்து கிடந்தது தெரிந்தது.

டிஸ்க் செருகியிருக்கும்போது கணினியைப் போட்டால் தயாரிப்பாளரின் சின்னத்தோடு திரை அப்படியே நிற்கும். இது எளிது. பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன் கணினியை எழுப்பும் அடிப்படை நிரலில், யூஎஸ்பி வழியாகத் தொடங்குவது முதல் இடத்தில் இருந்தது. கணினி கூத்துப் படங்களுக்குள் விண்டோஸைத் தேடிக்கொண்டிருந்தது. விண்டோஸ் இருக்கும் உள் டிஸ்க்கை (எஸ்எஸ்டி) முதலிடத்துக்கு ஏற்றியதோடு அது தீர்ந்தது.

அடுத்தது வேடிக்கையானது. பெரிய கோப்புகளைப் பிரதி எடுக்கும்போது மவுஸ் அம்பு இழுத்து இழுத்து நகரும், சில வேளை அசையவே அசையாது. கணினி செத்துவிட்டது என்று பொத்தானை அழுத்தி நிறுத்தத்தான் கை போகும். அதற்கு முன் விசைப்பலகையில் 'நம் லாக்' (Num Lock) விசையைத் தட்டிப் பார்க்க வேண்டும். விளக்கு அணைந்து எரிந்தால் கணினி உயிரோடு இருக்கிறது. என்னுடையது எரிந்தது, வயர் உள்ள விசைப்பலகையால் எல்லா வேலையும் செய்ய முடிந்தது. நின்றது மவுஸ் மட்டுமே. யூஎஸ்பி 3.0 இணைப்பு வேகமாக ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலைக் கிளப்பும் என்று இன்டெல் நிறுவனமே 2012இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டிருக்கிறது. வயரில்லா மவுஸ்கள் பலவும் பேசுவது அதே அலைவரிசையில்தான். என் மவுஸின் அலையைப் பிடிக்கும் குட்டி ரிசீவர் டிஸ்க்கின் கேபிளுக்கு ஒட்டிய போர்ட்டில் இருந்தது. ஒரு நீட்டிப்புக் கேபிளில் அதை மேசைக்கு மேலே கொண்டுவந்தேன். அம்பு வழுக்கிக்கொண்டு ஓடியது.

மீதியிருந்ததுதான் உண்மையான நோய். டிஸ்க்கைச் செருகிக் கோப்புறையைத் திறந்தால் ஜன்னல் வெளிறி, 'பதிலளிக்கவில்லை' என்று நிற்கும். டிஸ்க்கோடு சம்பந்தமே இல்லாத மென்பொருளில் 'சேமி' என்று அழுத்தினால் அதுவும் நிற்கும். காரணம் உண்டு: சேமிக்கும் பெட்டி திறக்கும்போது இருக்கிற டிஸ்க்குகளையெல்லாம் எட்டிப் பார்க்கும், பதில் வராத டிஸ்க்கின் வாசலில் அதுவும் காத்து நிற்கும். ஒரு வேண்டுகோளுக்கு விண்டோஸ் வழக்கமாக 60 வினாடிவரை பொறுக்கும். பிறகு இணைப்பை மீட்டமைத்து மறுபடி கேட்கும். இப்படி நாலைந்து வேண்டுகோள் வரிசையில் நின்றால், வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கணினியே இறுகிவிட்டது.

விண்டோஸ் தன் கோளாறுகளைக் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் 'சிஸ்டம்' பகுதியைத் திறந்தேன். விண்டோஸைத் திரும்பப் போடச் சொல்பவர்கள் இந்தப் பக்கத்தை ஏன் ஒருமுறையாவது பார்ப்பதில்லை என்று எனக்குப் புரிவதேயில்லை. நின்றுபோன நேரங்களுக்கு நேராக 129, 153 என்ற எண்கள் இருந்தன. 129 என்றால் கருவி மீட்டமைக்கப்பட்டது. 153 என்றால் வாசிப்போ எழுதலோ மறுபடி முயலப்பட்டது. 153இல் எந்த டிஸ்க் என்ற எண்ணும் இருக்கும். எல்லாம் வெளி டிஸ்க்கையே காட்டின.

கேபிளா, மின்சாரமா, டிஸ்க்கா? யூஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லிஆம்பியரும் 3.0 போர்ட் 900 மில்லிஆம்பியரும் தர வேண்டும் என்பது விதி. கையடக்க டிஸ்க் தட்டைச் சுழற்றத் தொடங்கும் கணத்தில் அதிகமாக இழுக்கும். என் வீடு கல்லடியில். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. கணினியின் முன்பக்கப் போர்ட்டை டார்ச் அடித்துப் பார்த்தால் உலோகத் தகடுகளில் பச்சை பூத்திருந்தது. மலிவான யூஎஸ்பி மீட்டரை இடையில் வைத்துச் செருகினேன். முன்பக்கத்தில் டிஸ்க் சுழலத் தொடங்கியபோது 5 வோல்ட் 4.5க்கும் கீழே விழுந்தது. 'டிக்' என்று சத்தம் வந்து டிஸ்க் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. பின்பக்கத்தில், அதாவது மதர்போர்ட்டிலேயே இருக்கும் போர்ட்டில், அப்படி விழவில்லை. (இத்தகைய மீட்டர்கள் பலவற்றில் யூஎஸ்பி 2.0 கம்பிகள் மட்டுமே உண்டு. மின்சாரத்தை அளக்கலாம், வேகத்தை அளக்கக் கூடாது.)

பின்பக்கப் போர்ட், புதிய குட்டைக் கேபிள் என்று மாற்றியதும் 129 வருவது நின்றது. 153 மட்டும் இடைக்கிடை வந்தது, அதுவும் ஒரே ஒரு கோப்புறையைத் திறக்கும்போது.

டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்போ என்ற மென்பொருள் அதை விளக்கியது. சி5 என்ற வரி பூச்சியமாக இல்லை. வாசிக்க முடியாமல் போய், இன்னும் தீர்ப்பாகாமல் இருக்கும் செக்டர்களின், அதாவது டிஸ்க்கின் சிறு சேமிப்புக் கூறுகளின், கணக்கு அது. கோப்புறையைத் திறந்தால் ஒவ்வொரு வீடியோவுக்கும் சிறுபடம் எடுக்க விண்டோஸ் உள்ளே போய் வாசிக்கும். பழுதான இடத்தில் மாட்டிக்கொள்ளும்.

இங்கே டிஸ்க்கைச் சோதித்துத் திருத்தும் 'செக்டிஸ்க்' கட்டளையை '/ஆர்' சேர்த்து ஓட்டச் சொல்வார்கள். சாகப்போகும் டிஸ்க்கை மூலை முடுக்கெல்லாம் வாசிக்க வைத்துக் களைக்கச் செய்யும் வேலை அது. வேறு பிரதி இல்லாத படங்கள் உள்ள டிஸ்க்கில் செய்யவே கூடாது. லினக்ஸ் பென்டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கி, பழுதான டிஸ்க்கிலிருந்து தரவை மீட்கும் 'டிடிரெஸ்கியூ' மென்பொருள் கொண்டு புதிய டிஸ்க்குக்கு முழுப் பிரதி எடுத்தேன். நன்றாக வாசிக்கும் இடங்களை அது முதலில் அள்ளிக்கொள்ளும், சண்டித்தனம் செய்யும் இடங்களைக் கடைசிக்கு ஒதுக்கும். எதுவரை எடுத்தது என்று தனியாக ஒரு கோப்பில் குறித்துக்கொள்வதால், நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மின்சாரம் போகத்தான் செய்தது.

புதிய டிஸ்க்கில் கோப்புறைகள் உடனே திறக்கின்றன. ஒரு தென்மோடிக் கூத்தின் ஒரு துண்டில் மட்டும் சில நொடிகள் படம் கட்டம் கட்டமாகச் சிதறுகிறது. முன்பக்கப் போர்ட்டை ஐசோபுரொப்பைல் அல்கஹோல் கொண்டு துடைத்துப் பார்த்தேன். விசைப்பலகைக்குப் போதும், டிஸ்க்குக்கு இனி அது இல்லை.

இரண்டாவது பிரதி ஒன்றை ஆரையம்பதியில் மருமகன் வீட்டில் வைக்கப் போகிறேன். "என் கணினியும் நின்றுபோகுமா மாமா?" என்று கேட்டான். அவனுடைய மவுஸுக்கு வயர் இருக்கிறது. பயாஸை மட்டும் பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.