மேசையில் ஆள் இருக்கிறாரா? பிஐஆர், ரேடார், லேசர் மூன்றையும் வைத்துப் பார்த்த அனுபவம்

ஓர் அறைக்குள் ஆள் இருப்பதைக் கண்டுபிடிப்பது இப்போது பெரிய காரியம் இல்லை. அந்த ஆள் மேசை முன்னால் அமர்ந்து வேலை செய்கிறாரா, இல்லை அதே அறையில் அலமாரியைத் திறந்து எதையோ தேடிக்கொண்டிருக்கிறாரா என்று பிரித்துச் சொல்லவைப்பதில்தான் சிரமமெல்லாம். எனக்கு வேண்டியிருந்தது அந்தப் பிரிப்புதான். நாற்காலியில் அமர்ந்தவுடன் மேசை விளக்கும், மானிட்டரும் ஸ்பீக்கரும் செருகியிருக்கும் ஸ்மார்ட் பிளக்கும் இயங்க வேண்டும். எழுந்து போய்ச் சற்று நேரமானால் அவை தாமாக நிற்க வேண்டும். அசையாமல் படித்துக்கொண்டிருக்கும்போது மட்டும் எக்காரணம் கொண்டும் விளக்கு அணையக் கூடாது. கேமரா வைத்தால் வேலை எளிதில் முடிந்துவிடும் என்று நண்பர்கள் சொன்னார்கள். வீட்டில் நாள் முழுவதும் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கும் ஒன்றை யாரும் விரும்பவில்லை, நானும் விரும்பவில்லை.

ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியில், வீட்டுச் சாதனங்களைத் தானாக இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. சென்சார்களை இணைக்க ஈஎஸ்பி32 என்ற வைஃபை வசதியுள்ள சிறு மின்னணுப் பலகையையும், அதற்கான நிரலாக ஈஎஸ்பிஹோமையும் எடுத்துக்கொண்டேன்.

முதலில் கையில் இருந்த ஹெச்.சி.-எஸ்.ஆர்.501 என்ற, உடல் வெப்பத்தின் அசைவை உணரும் பிஐஆர் சென்சாரை மேசை ஓரத்தில் பொருத்தினேன். வெள்ளை நிற அரைக்கோள மூடியுடன், பின்புறம் திருகுவதற்கு இரண்டு சிறிய குமிழ்களுடன் வரும் மலிவான சென்சார் அது. மூடிக்குப் பின்னால் அகச்சிவப்புக் கதிர்களை உணரும் இரண்டு துண்டுகள் இருக்கின்றன. உடலின் வெப்பம் ஒரு துண்டிலிருந்து மற்றொன்றுக்கு நகரும்போது ஏற்படும் வேறுபாட்டைத்தான் அது ஆளாகக் கணக்கிடுகிறது. ஆகவே அசையாத மனிதர் அதன் கண்ணுக்குச் சுவர்தான். அசைவு நின்ற பிறகும் ஆள் இருப்பதாகச் சொல்லும் நேரத்தைக் குமிழைத் திருகிச் சுமார் 5 நிமிடம் வரை நீட்டலாம். ஆனால் அப்படி நீட்டினால், தண்ணீர் குடிக்க வந்து திரும்பியவருக்கும் 5 நிமிடம் விளக்கு எரியும். நம் ஊர் வெயில் இன்னொரு தொல்லை. அறையின் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டும் பிற்பகல்களில் தோலுக்கும் சுவருக்கும் இடையிலான வெப்ப வேறுபாடு குறைந்து, காலையில் நன்றாகக் கண்டுகொண்ட அதே சென்சார் மந்தமாகிவிடுகிறது. ஆயினும் அதைத் தூக்கிப் போடவில்லை. ஆள் வந்ததை அது நொடியில் சொல்லிவிடுகிறது, அந்தத் திறமை பின்னால் பயன்பட்டது.

அடுத்து வந்தது எல்டி2410 என்ற 24 கிகாஹெர்ட்ஸ் ரேடார். விரல் நீளம்கூட இல்லாத இந்தப் பலகை, அதிர்வெண்ணைச் சிறிது சிறிதாக உயர்த்தியபடி அலைகளை அனுப்பி, திரும்பி வரும் அலையோடு ஒப்பிட்டுத் தூரத்தைக் கணக்கிடுகிறது. 24 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12.5 மில்லிமீட்டர்தான் என்பதால், மூச்சு விடும்போது மார்பு சில மில்லிமீட்டர் முன்னும் பின்னும் போவதுகூடத் திரும்பி வரும் அலையில் தெளிவான மாற்றமாகத் தெரிகிறது. புத்தகத்தில் மூழ்கி அசையாமல் இருப்பவரையும் இது பிடித்துவிடுவதற்கு அதுவே காரணம். இதற்கு 5 வோல்ட் மின்சாரம் வேண்டும்; சராசரியாக 80 மில்லிஆம்பியர் அளவுக்கு எடுத்துக்கொள்வதால் பேட்டரியில் ஓட்டும் எண்ணத்தை விட்டுவிடலாம். பழைய கைபேசி சார்ஜர் ஒன்று போதுமானதாக இருந்தது. ஈஎஸ்பி32உடன் சீரியல் முறையில் பேசும்போது வேகம் 256000 பாடு (தரவு வேகத்தின் அலகு) என்று கொடுக்க வேண்டும். வழக்கமான 115200ஐ வைத்துவிட்டு, சென்சார் பழுது என்று திருப்பி அனுப்புபவர்கள் உண்டு.

பொருத்தும் இடத்தை முடிவு செய்வதில்தான் நேரம் போனது. இந்த ரேடார் தூரத்தை 0.75 மீட்டர் நீளமுள்ள பகுதிகளாகப் பிரித்துக்கொள்கிறது; அவற்றுக்கு கேட் என்று பெயர். ஒவ்வொரு கேட்டுக்கும் அசைவுக்கு ஒன்று, அசையாமைக்கு ஒன்று என்று இரண்டு உணர்திறன் எண்கள்; திரும்பி வரும் ஆற்றல் அந்த எண்ணைத் தாண்டினால்தான் ஆள் என்று கொள்ளும். இதில் 0, 1 ஆகிய முதல் இரண்டு கேட்டுகளுக்கு அசையாமை எண்ணை மாற்ற முடியாது. மானிட்டருக்கு அடியில் வைத்தால், அமர்பவரின் மார்பு சென்சாரிலிருந்து 60, 70 சென்டிமீட்டருக்குள் வந்து, நமக்கு மிகவும் தேவையான அமைப்பு கைக்கு எட்டாத பகுதியில் விழுந்துவிடும். எனவே மேசைக்குப் பக்கவாட்டுச் சுவரில், நாற்காலியிலிருந்து இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்தில், மார்பு உயரத்தில் வைத்தேன். சென்சாரின் பார்வை நடுக்கோட்டின் இரு புறமும் 60 டிகிரி வரை விரிவதால், முகத்தைச் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்க்க வேண்டியிருந்தது.

சாய்த்ததற்குக் காரணம் மேலே சுழலும் மின்விசிறி. குளிர் நாடுகளில் எழுதப்படும் குறிப்புகளில் இது பட்டும் படாமலும் வந்து போகும். நமக்கோ ஆண்டில் பெரும்பகுதி விசிறி ஓடாமல் இருக்காது. 1200 மில்லிமீட்டர் விட்டத்தில் சுழலும் மூன்று உலோக இறக்கைகள், ரேடாரின் பார்வையில் ஓயாமல் நெருங்கி விலகும் மூன்று ஆட்கள். விசிறியை நிறுத்திவிட்டுச் சோதித்து எல்லாம் சரி என்று முடிவுக்கு வருவதில் பொருளே இல்லை. ஈஎஸ்பிஹோமில் என்ஜினியரிங் மோடை இயக்கினால் ஒவ்வொரு கேட்டிலும் எவ்வளவு ஆற்றல் திரும்புகிறது என்று தனித்தனி வரைபடமாகக் காணலாம். காலி அறையில் விசிறியை ஒன்றிலிருந்து ஐந்து வரை ஒவ்வொரு வேகத்திலும் ஓடவிட்டு, வரைபடம் எந்த உயரம் வரை எழுகிறது என்று குறித்துக்கொண்டு, உணர்திறன் எண்களை அதற்குச் சற்று மேலே வைத்தேன். அதிகபட்ச கேட்டை 3 ஆகக் குறைத்து, 2.25 மீட்டருக்கு அப்பால் இருப்பதையெல்லாம் பார்க்காதே என்று சொல்லிவிட்டேன். விசிறி அந்த எல்லைக்கு வெளியே நின்றுகொண்டது.

அதன்பிறகும் ஒரு நாள் காலையில் காலி நாற்காலியில் ஆள் இருப்பதாகவே ரேடார் சாதித்தது. நாற்காலி முதுகில் குளித்துவிட்டு யாரோ போட்டுவிட்டுப் போன ஈரத் துண்டு விசிறிக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. உலர்ந்த பருத்தித் துணியை இந்த அலைகள் ஏறத்தாழ ஊடுருவிப் போய்விடுகின்றன. அதில் தண்ணீர் இருந்தால் நன்றாக எதிரொலிக்கின்றன. துண்டைத் தொடாமல் அப்படியே விட்டு வரைபடத்தைக் கவனித்தேன். துண்டு உலர உலரக் கோடு மெல்லச் சரிந்து, எல்லைக்குக் கீழே போனதும் ஆள் மறைந்துபோனார். இதைச் சரிசெய்ய எந்த எண்ணையும் மாற்றவில்லை. துண்டைக் கொடியில் போடச் சொன்னேன், அவ்வளவுதான்.

ஆனால் ரேடார் மட்டும் போதாது என்பதற்கு இயற்பியலிலேயே காரணம் இருக்கிறது. இந்தச் சென்சார் பயன்படுத்துவது 24.00 முதல் 24.25 கிகாஹெர்ட்ஸ் வரையிலான 250 மெகாஹெர்ட்ஸ் அகலம். அந்த அகலத்தில் இரண்டு பொருள்களைத் தூரத்தால் பிரித்தறியும் நுணுக்கம் 60 சென்டிமீட்டருக்குக் கீழே இறங்காது. நாற்காலியில் அமர்ந்திருப்பவரும், அதன் பின்னால் நின்று அலமாரியைத் துழாவுபவரும் அதற்கு ஒரே ஆள்தான். ஆகவே மேசைப் பலகையின் அடிப்பக்கம், அமர்பவரின் வயிற்றைப் பார்த்தபடி, விஎல்53எல்0எக்ஸ் என்ற லேசர் தூரமானியைத் திருகினேன். கண்ணுக்குத் தெரியாத 940 நானோமீட்டர் ஒளியை அனுப்பி, அது போய்த் திரும்பும் நேரத்தை அளப்பது இதன் வேலை. 2 மீட்டர் வரை அளக்கும், எனக்குத் தேவைப்படுவது அரை மீட்டர். அதே ஈஎஸ்பி32இல் இரண்டு கம்பிகளில் இணைந்துகொண்டது. அமர்ந்தால் 30 சென்டிமீட்டரை ஒட்டிய எண், எழுந்தால் ஒரு மீட்டருக்கு மேல். நாற்காலியை மேசைக்குள் தள்ளிவிட்டுப் போனால் மட்டும் அதன் முதுகு 40 சென்டிமீட்டரில் நின்று குழப்பும். அந்த இடத்தில் ரேடார் கைகொடுக்கிறது: நாற்காலிக்கு மூச்சு இல்லை.

இவ்வளவு அலைச்சலுக்குப் பிறகு எனக்குப் புலப்பட்ட விஷயம், வந்தாரா என்பதும் போய்விட்டாரா என்பதும் வெவ்வேறு கேள்விகள் என்பதே. ஒரே சென்சாரை ஒரே எல்லையில் வைத்து இரண்டுக்கும் விடை கேட்டால், விளக்கு தாமதமாக எரியும் அல்லது அவசரமாக அணையும். வருகைக்குக் குறைந்த சாட்சி போதும்: பிஐஆர் அசைவைக் கண்டு, லேசர் 50 சென்டிமீட்டருக்குக் கீழே காட்டினால் உடனே விளக்கு எரிகிறது. பிஐஆர் வேகத்துக்கு, லேசர் இடத்துக்கு. புறப்பாட்டுக்கு மட்டும் கூடுதல் சாட்சி வேண்டும். லேசரில் ஆள் இல்லை, அல்லது ரேடாரில் அசைவும் மூச்சும் இல்லை என்ற நிலை இடைவிடாமல் 90 நொடிகள் நீடித்து, அந்த நேரத்தில் கணினியின் விசைப்பலகையும் தொடப்படாமல் இருந்தால்தான் அணைப்பு. பின்னால் சாய்ந்து தொலைபேசியில் பேசும்போது லேசர் சில நொடிகள் ஆளைத் தவறவிடும். அதை இந்த 90 நொடிகள் விழுங்கிவிடுகின்றன. ஹோம் அசிஸ்டன்டில் பேய்சியன் சென்சார் என்று ஒன்று உண்டு, ஒவ்வொரு சாட்சிக்கும் நிகழ்தகவு கொடுத்து மொத்தமாக முடிவெடுக்கும். அதையும் ஓட்டிப் பார்த்தேன். ஏன் அணைந்தது என்று கேட்டால் ஒரு தசம எண்ணை நீட்டுகிறது. பிழை தேடும்போது எனக்கு அது பிடிக்கவில்லை. நேரான நிபந்தனைகளே மேல்.

மின்வெட்டுக்கென்று தனியாக ஒரு வரி எழுத வேண்டியிருந்தது. எங்கள் வீட்டில் விளக்கும் விசிறியும் இன்வெர்ட்டரில் ஓடும், சார்ஜர் செருகிய பிளக் பாயின்ட் அதில் சேராது. மின்சாரம் போனால் சென்சார் மௌனமாகி, ஹோம் அசிஸ்டன்டில் அதன் நிலை அன்அவைலபிள், அதாவது தொடர்பில் இல்லை, என்று மாறும். மின்சாரம் திரும்பும்போது அந்த நிலையிலிருந்து ஆஃபுக்குத் தாவுவதை, ஆள் எழுந்துபோனார் என்று ஆட்டோமேஷன் எடுத்துக்கொள்ளும். ஆன் என்ற நிலையிலிருந்து ஆஃபுக்கு மாறினால் மட்டும் செயல்படு என்று முன் நிலையையும் சேர்த்துக் குறிப்பிட்டதும், இருளில் அமர்ந்திருப்பவரின் விளக்கு பறிபோவது நின்றது.

இப்போதைக்குப் பிஐஆர், ரேடார், லேசர் மூன்றும் நிரந்தரமாகப் பொருத்தப்பட்டுவிட்டன. மாலையில் மகள் அதே மேசையில் வீட்டுப்பாடம் எழுத அமரும்போது என் மானிட்டரும் சேர்ந்து விழித்துக்கொள்கிறது. யார் அமர்ந்திருக்கிறார் என்பதை இந்த மூன்றில் எதுவும் சொல்லாது. அவள் உயரத்துக்கு லேசரின் எண்ணில் வேறுபாடு தெரிகிறதா என்று ஒரு வாரமாகப் பதிவு செய்துவருகிறேன். நாற்காலியை அவள் இழுத்துப் போடும் தூரம் நாளுக்கு நாள் மாறுவதால் எண்களில் இன்னும் ஒழுங்கு பிடிபடவில்லை.