பொங்கல் கழிந்து சிங்கராஜவுக்கு

ஜனவரி கடைசியில் சிங்கராஜ வனத்துக்குப் போகிறோம், அங்கே அட்டை கொஞ்சம் அதிகம் என்று அம்மாவிடம் சொன்னேன். முப்பத்திரண்டு வருடம் தேயிலைக் கொழுந்து பறித்தவர் அவர். "அந்தக் காலத்துல சும்மா கடிச்ச அட்டைக்கு இப்பக் காசு குடுத்துப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டு, அடுப்பில் இருந்த ரொட்டியைத் திருப்பிப் போட்டார். பயணத் திட்டத்தைப் பற்றி எங்கள் வீட்டில் நடந்த முதல் உரையாடல் அவ்வளவுதான்.

இதற்கு முன் ஒருமுறை போய் ஏமாந்திருக்கிறோம். 2019 ஆம் ஆண்டு தீபாவளிக்குக் கிடைத்த விடுமுறையோடு இரண்டு நாள் லீவும் சேர்த்துக்கொண்டு சிங்கராஜவின் குடாவ வாசல் பக்கம் ஒரு விடுதியில் அறை எடுத்தோம். தொலைபேசியில் பேசியவர் மழையே இல்லை என்றார். நாங்கள் போய் இறங்கியதிலிருந்து திரும்பும்வரை அது விடவே இல்லை. கடைசித் துண்டு வழிக்கு ஜீப் தேவைப்படும், அதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும் என்பதையும் அங்கே போன பிறகுதான் சொன்னார்கள். இரண்டு நாளில் எங்களுக்குக் கிடைத்த காட்சி, விடுதியின் கூரைக்குக் கீழே நனைந்துகொண்டு நின்ற ஒரு காட்டுக்கோழி மட்டுமே. விடுதிக்காரரைக் கோபித்துக்கொண்டோம் என்றாலும், பிழையில் பெரும்பங்கு எங்களுடையதுதான். தென்மேல் பருவக்காற்று செப்டெம்பரில் ஓய்ந்ததும் வானம் வெளுத்துவிடும் என்று நினைத்துக்கொண்டோமே தவிர, அக்டோபரும் நவம்பரும் இரண்டு பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட, பின்னேரம் தவறாமல் இடி இடிக்கும் மாதங்கள் என்பதை மலைநாட்டிலேயே பிறந்து வளர்ந்தும் யோசிக்கவில்லை.

ஆகவே இந்த முறை வரைபடத்தை விரிப்பதற்கு முன் மழையைப் பார்த்தேன். ஈரவலயக் காடான சிங்கராஜவில் மழை ஓரளவு குறைவது ஜனவரி முதல் மார்ச் வரையில்தான். அப்போதும் பின்னேர மழை இல்லாமல் போகாது. தெற்கே அம்பாந்தோட்டைக் கரையின் களப்புகளில் வலசைப் பறவைகள் நிறைந்திருப்பது செப்டெம்பர் முதல் மார்ச் வரை. இரண்டும் ஒன்றுசேரும் காலம் பொங்கல் கழிந்த வாரங்களில் அமைகிறது. எங்கள் ஊரில் இதற்கு ஓர் இடைஞ்சலும் உண்டு. மார்கழிப் பௌர்ணமிப் போயாவுக்குத் தொடங்கி வெசாக் வரை நடக்கும் சிவனொளிபாதமலை யாத்திரைக் காலத்தில் ஹட்டன் வேன்கள் எல்லாம் மலையடிவாரத்து நல்லதண்ணிக்கு ஓடிக்கொண்டிருக்கும், வார இறுதிக்கு வேன் கேட்டால் வாடகையை வாய்க்கு வந்தபடி சொல்வார்கள். அதனால் செவ்வாய் புறப்பட்டு ஞாயிறு திரும்புவது என்று முடிவு செய்திருக்கிறேன். மகனுடைய பாடசாலையில் நான்கு நாள் லீவு கேட்பது என் பொறுப்பு.

முதல் இரவு கித்துல்கல. ஹட்டனிலிருந்து கினிகத்தேனை வழியாக இறங்கும் அதே பாதை. கொழும்புக்குப் போகும்போதெல்லாம் தேநீருக்கு மட்டும் நிறுத்தும் ஊர். களனி கங்கையின் மறுகரையில் இருக்கும் மாகந்தாவக் காடு பறவை பார்ப்பவர்களுக்கு நன்றாகத் தெரிந்தது. 1995 ஆம் ஆண்டு இந்தக் கித்துல்கலக் காட்டில்தான் பறவை ஆய்வாளர் தீபால் வரகாகொட அறிமுகமில்லாத ஓர் ஆந்தையின் குரலைக் கேட்டார். குரலுக்கு உரிய பறவையை அவர் கண்ணால் காண 2001 ஆம் ஆண்டு வரை ஆயிற்று. 2004 இல் அது புதிய இனமாக அறிவியல் உலகுக்கு விவரிக்கப்பட்டது. காதுத் தூவிகள் இல்லாத, செம்பழுப்பு நிறமான அந்தச் சிறிய செரண்டிப் ஆந்தைக்கு அறிவியல் பெயர் தீலோ ஹொஃப்மனைக் கௌரவித்து இடப்பட்டிருக்கிறது. சிங்கராஜவில் மரம் வெட்டுவதை எதிர்த்துப் போராடியவர்களில் முன்னின்றவர் அவர். அந்த ஆந்தையைப் பார்த்துவிடுவோம் என்று நான் எண்ணவில்லை. நம் பஸ் போகும் தெருவுக்கு அப்பால் அத்தனை காலம் யார் கண்ணிலும் படாமல் ஓர் ஆந்தை இருந்தது என்பதை மகனுக்கு அந்த இடத்திலேயே நின்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்து அவிசாவளை, இரத்தினபுரி, கலவானை வழியாகக் குடாவ. அங்கே இரண்டு இரவுகள். ஒரே இரவோடு திரும்புவதில் பொருளில்லை, ஏனெனில் ஒரு காலைப்பொழுது மழைக்குப் போய்விட்டாலும் இன்னொன்று மிஞ்ச வேண்டும். 1970களில் ஒட்டுப்பலகைக்காக இந்தக் காட்டில் இயந்திரங்களை இறக்கி மரம் வெட்டினார்கள். எதிர்ப்பு வலுத்ததால் அந்தப் பத்தாண்டின் இறுதியில் அது நின்றது. 1988 ஆம் ஆண்டு யுனெஸ்கோ இதை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. குடாவ வாசலிலிருந்து உள்ளே போகும் அகலமான பாதை அந்த மரம் வெட்டிய காலத்து லொறிப் பாதைதான். முழங்கால் வலியுள்ள அம்மாவும் அதில் கொஞ்சத் தூரம் நடக்கலாம் என்பதோடு, பாதை அகலமாக இருப்பதால் இரு கரையிலும் உள்ள மரங்களை மேலிருந்து கீழ்வரை பார்க்கவும் முடிகிறது. வழிகாட்டி இல்லாமல் உள்ளே போக முடியாது. தேசிய அடையாள அட்டையை மறக்கக் கூடாது. உள்நாட்டவருக்கான குறைந்த கட்டணத்துக்கு அதைக் காட்ட வேண்டும்.

இந்தக் காட்டில் பறவை பார்ப்பதற்கு ஒரு தனிப் பழக்கம் வேண்டும் என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. அரை மணி நேரம் நடந்தாலும் ஒரு சிறகசைவு கூட இருக்காது. பிறகு எங்கோ ஒரு சலசலப்புத் தொடங்கும். செம்மஞ்சள் அலகுள்ள சிலம்பன்கள் கும்பலாக இலைகளைக் கிளறிக்கொண்டு வரும், அவற்றோடு கொண்டைக் கரிச்சான் காவலுக்கு வரும், பின்னாலேயே செம்முகப் பூங்குயில், தீக்காக்கை, மரங்கொத்தி என்று பத்துப் பன்னிரண்டு இனங்கள், சில வேளை நாற்பது பறவைகள் வரை ஒரே அலையாகத் தலைக்கு மேல் கடந்து போகும். பல கண்கள் சேர்ந்தால் பருந்தை முன்கூட்டியே கண்டுகொள்ளலாம், ஒன்று கிளப்பிவிடும் பூச்சி மற்றொன்றுக்கு இரையாகும். அவை சேர்ந்து திரிவதன் காரணம் இதுதான். ஐந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்து காடு மறுபடியும் அடங்கிவிடும். ஆகவே தூரம் நடப்பதை விட, ஒரு வளைவில் நின்று அந்தச் சிலம்பன்களின் சத்தத்துக்குக் காது கொடுப்பதே நல்லது. அலைபேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அவற்றை இழுக்கும் வழக்கத்தை எங்கள் வழிகாட்டியிடம் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடப் போகிறேன்.

பைனாகுலர் பற்றிப் பலர் கேட்கிறார்கள். கடைக்காரர் பத்து மடங்கு பெரிதாகக் காட்டுவதைத்தான் நீட்டுவார். நான் எட்டு மடங்கும் நாற்பத்திரண்டு மில்லிமீற்றர் கண்ணாடியும் உள்ளதை இரவல் வாங்கியிருக்கிறேன். கை நடுக்கம் அதில் குறைவாகத் தெரியும், மரநிழலின் மங்கலிலும் உருவம் தெளிவாக இருக்கும். மழைச் சட்டை போட்டு நடந்தால் உள்ளே வியர்த்து ஊறிவிடும் என்பதால் ஆளுக்கொரு குடை.

அட்டை விஷயத்தில் அம்மாவே எங்கள் ஆலோசகர். முழங்கால் வரை வரும் நெருக்கமான நெசவுக் காலுறையைக் காட்டியபோது, இடுப்பில் படங்குத் துணியைக் கட்டிக்கொண்டு மலையில் நின்ற நாட்களில் இதெல்லாம் ஏது என்று சிரித்தாலும், காலுறையின் மேல் ஈரச் சவர்க்காரத்தை அழுத்தித் தேய்த்தால் ஏறவந்த அட்டை வழுக்கி விழும், மழையில் கரைந்ததும் மறுபடி தேய்க்க வேண்டும் என்று சொல்லித் தந்தார். கடித்ததைப் பிய்த்து இழுக்கக் கூடாது, நகத்தால் வாயோரத்தை மெல்ல நகர்த்த வேண்டும். இரத்தம் உறையாதிருக்க ஹிருடின் போன்ற ஒரு பொருளை அட்டை செலுத்துகிறது, அதனால்தான் அது விழுந்த பிறகும் ஒழுகிக்கொண்டே இருக்கும் என்று நான் விளக்கினேன். "பேரு எதுவா இருந்தா என்ன, துணிய நனைச்சு அமுக்கிப் புடி" என்றார்.

அங்கிருந்து பெல்மதுளை, எம்பிலிப்பிட்டிய வழியாகத் தெற்கே இறங்கித் திஸ்ஸமஹாராமையில் இரண்டு இரவுகள். யால தேசியப் பூங்காவுக்குப் போகவில்லை, ஒரு சிறுத்தையைச் சுற்றி வரிசை கட்டும் ஜீப்புகளில் ஒன்றாக நிற்க எனக்கு விருப்பமில்லை. 1990 ஆம் ஆண்டு உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இலங்கையிலிருந்து முதலாவதாக அறிவிக்கப்பட்ட புந்தலவுக்கு விடியற்காலையில் ஜீப்பில் போவோம். பூநாரைக் கூட்டத்தைக் காணும் ஆசையோடு யாரும் அங்கே போக வேண்டாம். நீர்ப்பாசனத் திட்டத்தின் வடிகால் நன்னீர் களப்புகளுக்குள் கலந்து உப்புச் செறிவு குறைந்த பிறகு, முன்பு ஆயிரக்கணக்கில் வந்த பூநாரைகள் அங்கே அரிதாகிவிட்டன. உள்ளான்கள், கரண்டிவாயன்கள், மஞ்சள் மூக்கு நாரைகள், கூழைக்கடாக்கள், சேற்றில் கிடக்கும் முதலை என்று பார்க்க நிறையவே இருக்கிறது. பத்து மணிக்குப் பிறகு வெயிலில் காட்சி நடுங்கத் தொடங்கும், அதற்குள் முடித்துவிட வேண்டும். மாலையில் திஸ்ஸ குளத்துக் கட்டில் நின்றால் தாழைக்கோழிகளையும் இலைக்கோழிகளையும் காசில்லாமலே பார்க்கலாம்.

வரமாட்டேன் என்று நின்ற அம்மா, திஸ்ஸவிலிருந்து கதிர்காமம் கிட்டத்தான் என்று அறிந்ததும் இசைந்தார். சனிக்கிழமை மாலைப் பூசை இப்போது திட்டத்தில் இருக்கிறது. ஞாயிறு வெல்லவாய, எல்ல, பண்டாரவளை வழியாக வீடு.

ஒத்திகை பார்க்கக் கடந்த ஞாயிறு நுவரெலியா விக்டோரியா பூங்காவுக்குப் போனோம். குளிர்காலத்தில் இமயமலைப் பக்கமிருந்து வரும் பறவைகளுக்காக வெளிநாட்டார் தேடி வரும் இடம் அது. நானும் மகனும் பைனாகுலரை மரக்கிளைகளில் மேய விட்டுக்கொண்டிருந்தோம். அம்மா என் கையைத் தொட்டு, பூங்காவுக்குள் ஓடும் அழுக்குக் கானின் ஓரத்தைக் காட்டினார். இரண்டு பாகத் தூரத்தில், சருகைப் புரட்டிப் போட்டுக்கொண்டு, வால் குட்டையான ஓர் ஆறுமணிக்குருவி நின்றது. குனிந்தபோது அடிவயிற்றுச் சிவப்புத் தெரிந்தது. கொழுந்து மலையில் அதன் விசிலைக் கேட்டு நேரம் அறிந்திருக்கிறாராம், ஆளைப் பார்ப்பது இப்போதுதானாம்.

வேன்காரருக்கு இன்னும் முற்பணம் கொடுக்கவில்லை, லீவுக் கடிதமும் எழுதவில்லை. அம்மா மட்டும் இரண்டு கட்டிச் சவர்க்காரத்தை எட்டுத் துண்டாக நறுக்கிப் பழைய பால்மாப் பேணியில் போட்டு வைத்திருக்கிறார்.