தாடையை முன்னால் இழுத்துவைத்துத் தூங்கிய மூன்று வருடம்

போன வாரம் பல் டாக்டர் என்னுடைய இரண்டு பல் அச்சுகளை மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். ஒன்று மூன்று வருடத்துக்கு முன்னால், தூக்கத்தில் மூச்சு தடைபடாமல் இருக்கத் தாடையை முன்னால் இழுத்துவைக்கும் வாய்க் கருவியை நான் போட ஆரம்பித்தபோது எடுத்தது, இன்னொன்று இப்போது எடுத்தது. பழையதில் மேல் முன்பற்கள் கீழ்ப்பற்களை நன்றாகத் தாண்டி வெளியே நிற்கின்றன. புதியதில் அந்த இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் குறைந்திருக்கிறது. ஒரு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். வாய்க்குள் அது எவ்வளவு பெரிய தூரம் என்பது சாப்பிடும்போது தெரியும்.

முதலிலிருந்து சொல்கிறேன். நான் குறட்டை விடுவேன் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நடுவில் மூச்சு நின்று, அப்புறம் திணறி எழுவது போல ஒரு சத்தத்தோடு மறுபடி வருகிறது என்பதைக் கவனித்தது என் மனைவி. "என்னங்க, நீங்க மூச்சு விடுறீங்களான்னு பார்த்துக்கிட்டே நான் படுத்திருக்கேன்" என்று ஒரு காலையில் அவள் சொன்ன பிறகுதான் டாக்டரிடம் போனேன். ஸ்லீப் ஸ்டடியில், அதாவது தூங்கும்போது மூச்சை அளக்கும் சோதனையில், மணிக்கு 22 தடவை மூச்சு தடைபடுகிறது என்று வந்தது. 5 முதல் 15 வரை லேசானது, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் தீவிரம்.

சிபாப் இயந்திரம்தான் முதலில் கொடுத்தார்கள். மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பித் தொண்டையைத் திறந்து வைக்கும் இயந்திரம். அதைப் பற்றி நான் தவறாக ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன், மூச்சு நிற்பதைத் தடுப்பதில் அதை மிஞ்சிய கருவி இல்லை, தீவிரமான நிலையில் உள்ளவர்கள் அதைத்தான் முதலில் முயல வேண்டும். என்னால் முடியவில்லை. நான்கு மாதம் போராடினேன், பாதி ராத்திரியில் கழற்றிப் போட்டுவிட்டுத் தூங்கினேன். கழற்றிப் போட்ட மாஸ்க் யாருக்கும் உதவாது. அதனால் வாய்க் கருவிக்கு மாறினேன்.

கருவி என்பது மேல்வரிசைக்கு ஒன்று, கீழ்வரிசைக்கு ஒன்று என்று இரண்டு அக்ரிலிக் தகடுகள். இரண்டையும் பக்கவாட்டில் ஒரு திருகு அமைப்பு இணைக்கிறது. மாட்டிக்கொண்டால் கீழ்த்தாடை சில மில்லிமீட்டர் முன்னால் நகர்ந்து நிற்கும், கூடவே நாக்கின் அடிப்பாகமும் முன்னால் வரும், தொண்டையில் காற்றுப் பாதை அகலமாகும். தாடை சிறியதாகப் பிறந்து நாக்கு பின்னால் விழுந்து மூச்சுத் திணறும் குழந்தைகளுக்கு, பிரான்ஸில் பியர் ரோபான் என்ற மருத்துவர் நூறு வருடத்துக்கு முன்பே இதே வழியை யோசித்திருக்கிறார்.

இப்போது தாடை மூட்டு. காதுத் துவாரத்துக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடிப் பாருங்கள், உருண்டையாக ஒன்று முன்னால் நழுவி மறுபடி பின்னால் போவது தெரியும். அதுதான் கீழ்த்தாடை எலும்பின் தலை. அதற்கும் மண்டையோட்டுக் குழிக்கும் நடுவில் மெத்தை போல ஒரு தட்டு இருக்கிறது. கொட்டாவி விடும்போதெல்லாம் இந்தத் தலை முன்னால் வந்துதான் போகிறது, ஆகவே முன்னால் வருவது அதற்குப் புதிதில்லை. ஏழு மணி நேரம் அங்கேயே நிற்பதுதான் புதிது. மூட்டுக்குப் பின்னால் உள்ள திசு இழுபடுகிறது, தாடையை முன்னால் இழுக்கும் தசை ராத்திரி முழுக்கச் சுருங்கிய நிலையிலேயே கிடக்கிறது. காலையில் கருவியைக் கழற்றியதும் பற்கள் பழைய இடத்தில் போய்ச் சேர மறுக்கும். எனக்கு முதல் மாதம் முழுக்க அப்படித்தான், முன்பற்கள் மட்டும் இடிக்கும், கடைவாய்ப் பற்கள் அந்தரத்தில் நிற்கும், இட்லியைக்கூட மென்றால் காதோரம் வலிக்கும். ஒன்பது மணிக்குள் சரியாகிவிடும்.

அந்த மாதத்தில் நான் ஒரு தவறு செய்தேன், இதை எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம். என் தாடையை அதிகபட்சம் 10 மில்லிமீட்டர் முன்னால் நீட்ட முடிகிறது என்று அளந்துவிட்டு, அதில் பாதியில்தான் டாக்டர் ஆரம்பித்தார். வாரத்துக்கு ஒரு திருப்பு, கால் மில்லிமீட்டர், அவ்வளவுதான் என்று சொல்லி அனுப்பினார். குறட்டை இன்னும் நிற்கவில்லையே என்ற அவசரத்தில் நான் ஒரே வாரத்தில் நான்கு திருப்பு திருப்பினேன். ஐந்தாம் நாள் வலது பக்கம் வாயை இரண்டு விரல் அளவுக்கு மேல் திறக்க முடியவில்லை. நல்லவேளை, மூட்டு கெடவில்லை, தசைதான் பிடித்துக்கொண்டது. கருவியைச் சில நாள் நிறுத்தி, வெந்நீரில் பிழிந்த துணியால் ஒத்தடம் கொடுத்து, திருகையும் பின்னால் திருப்பி, மறுபடி வாரத்துக்கு ஒன்று என்று போனபோது வலி அப்படியே அடங்கியது. மூன்றாவது மாதத்துக்குப் பிறகு மூட்டு எனக்கு எந்தத் தொந்தரவும் கொடுக்கவில்லை. நிறையப் பேருக்கு அப்படித்தான், மூட்டு வலி ஆரம்பத்தில் வந்து குறைந்துவிடும், நீண்ட நாள் கெடுதல் குறைவு என்றார் டாக்டர். ஏற்கெனவே மூட்டில் வலியோ, வாய் திறக்க முடியாத பிரச்சினையோ உள்ளவர்கள் கதை வேறு. அதை முதலிலேயே சொல்லி, சோதித்துவிட்டுத்தான் கருவிக்கே போக வேண்டும். வலி இல்லாமல் வெறும் 'கிளிக்' சத்தம் மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் தடையில்லை.

வலி போனதும் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். மெதுவாக நடந்துகொண்டிருந்த இன்னொன்று, வலி இல்லாததால் என் கண்ணில் படவில்லை. பல் நகர்வு.

ஒரு நாள் சாம்பாரில் முருங்கைக்காயைப் பல்லால் வழிக்கும்போதுதான் கவனித்தேன், முன்பற்கள் சந்திக்கும் இடம் மாறியிருந்தது. வறுத்த கடலையைக் கடைவாயில் வைத்தால் சரியாக நொறுங்காமல் நழுவியது. காரணம் எளிது. முன்னால் இழுத்து நிறுத்திய தாடை ராத்திரி முழுக்கப் பின்னால் போகப் பார்க்கிறது, அதைப் பிடித்து நிறுத்துவது பற்கள்தான். அந்த விசையில் மேல்பற்கள் உள்நோக்கியும் கீழ் முன்பற்கள் வெளிநோக்கியும் சாய்கின்றன. பல் கம்பி போட்டு நகர்த்துகிறோமே, அதேதான், யாரும் கேட்காமல் நடக்கிறது. வான்கூவரில் சராசரியாக 11 வருடம் கருவி போட்ட 77 பேரை அளந்து 2014-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முன்னால் நிற்கும் இடைவெளி சராசரியாக 1.9 மில்லிமீட்டரும், மேல்பல் கீழ்ப்பல்லை மூடும் உயரம் 2.3 மில்லிமீட்டரும் குறைந்திருந்தன. வருடங்கள் போகப் போக மாற்றம் தொடர்ந்துகொண்டே இருந்தது. கருவியை நிறுத்தினாலும் பற்கள் முழுமையாகத் திரும்பிவிடும் என்று நம்ப முடியாது.

இதைக் குறைக்கத்தான் காலையில் கடிக்கும் சின்னத் தகடு ஒன்றைக் கருவியோடு சேர்த்துத் தந்திருந்தார்கள். கழற்றியதும் அதை 15, 20 நிமிடம் கடித்து, தாடையை அதன் பழைய இடத்துக்குப் பழக்க வேண்டும். மூட்டு வலித்த மாதங்களில் தினமும் செய்தேன், வலி போனதும் விட்டுவிட்டேன். அந்தத் தகடு வலிக்கு மட்டும்தான் என்று நான் நினைத்ததுதான் பிழை.

நிறுத்தலாமா என்று டாக்டர் கேட்டார். கருவியோடு எடுத்த இரண்டாவது ஸ்லீப் ஸ்டடியில் 22 என்பது 7 ஆகியிருந்தது, காலை தலைவலி போய்விட்டது, வண்டி ஓட்டும்போது கண் சொக்குவதில்லை. அந்த இரண்டாவது சோதனையை யாரும் தவிர்க்காதீர்கள், குறட்டை நின்றாலும் மூச்சு தடைபடுவது நின்றதாக அர்த்தமில்லை. பற்கள் கொஞ்சம் நகர்ந்தாலும் பரவாயில்லை, எனக்கு மூச்சு வேண்டும் என்றேன். மனைவியும் அதையேதான் சொன்னாள்.

ஆன்லைனில் வெந்நீரில் போட்டுக் கடித்து உருவாக்கிக்கொள்ளும் கருவி மலிவாகக் கிடைக்கிறதே என்று இரண்டு நண்பர்கள் கேட்டார்கள். ஆடும் பல், ஈறு நோய், மூட்டு இதையெல்லாம் யாரும் பார்க்காமல், எவ்வளவு முன்னால் நகர்கிறது என்ற அளவும் இல்லாமல் தாடையை இழுத்து வைக்காதீர்கள். பல் அச்சையும் முதல் நாளே எடுத்துப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். அந்தப் பழைய அச்சு இல்லையென்றால் என் பற்கள் எவ்வளவு நகர்ந்தன என்று யாராலும் அளந்திருக்க முடியாது.

தகட்டை மறுபடி எடுத்துவிட்டேன். காலையில் பால் காயும் வரை அதைக் கடித்துக்கொண்டு சமையலறையில் நிற்கிறேன், பேச முடியாது, மனைவி பேசுவதற்குத் தலையாட்டுகிறேன். அடுத்த அச்சு ஆறு மாதம் கழித்து.