டன், பிடியூ, கிலோவாட்: ஏசி கணக்குல மார்க் போகாம இருக்க நான் படிச்ச விதம்

ரெஃப்ரிஜரேஷன் பேப்பருக்கு படிக்கிற நிறைய பேர் சைக்கிள் கணக்கைப் பாத்துதான் பயப்படுறாங்க, ஆனா சத்தமில்லாம மார்க் போறது யூனிட் மாத்துறதுலதான். டன்ல குடுப்பான், பிடியூல (BTU, வெப்பத்தை அளக்கிற பிரிட்டிஷ் அளவு) குடுப்பான், கிலோகலோரில குடுப்பான், கடைசில விடையை மட்டும் கிலோவாட்ல கேப்பான். நான் பெரிய டேபிள் எல்லாம் மனப்பாடம் பண்ணல. ஒரு வாட்னா மணிக்கு 3.412 பிடியூ, ஒரு டன்னா மணிக்கு 12000 பிடியூ, ஒரு கிலோவாட்னா மணிக்கு 860 கிலோகலோரி, அவ்ளோதான். 12000-ஐ 3.412-ஆல வகுத்தா 3517 வாட் வந்துடும், அதை கிலோவாட்டாக்கி 860-ஆல பெருக்கினா ஒரு டன்னுக்கு மணிக்கு 3024 கிலோகலோரினு அதுவும் வந்துடும்.

அந்த 12000 பரீட்சை நேரத்துல மறந்து போனாலும் கவலை இல்ல, ஐஸ்ல இருந்து எடுத்துடலாம். ஒரு டன் ஐஸ் 24 மணி நேரத்துல உருக எவ்ளோ வெப்பம் எடுக்குமோ அதுதான் ஒரு டன் கூலிங். 2000 பவுண்டு, பவுண்டுக்கு 144 பிடியூ, 24-ஆல வகுத்தா சரியா 12000. இங்க ஒண்ணு கவனிங்க, இது 2000 பவுண்டு டன், அதாவது சுமார் 907 கிலோ. 1000 கிலோ வச்சு போட்டா 3.87 கிலோவாட் கிட்ட வரும், என்னடா புத்தகத்துல வேற இருக்குன்னு குழம்பிடுவீங்க.

அடுத்தது இந்த "மணிக்கு"ங்கிற வார்த்தை. ஏசி மேல 12000 பிடியூன்னு மட்டும்தான் போட்டிருக்கும், மணிக்குங்கிறதை எல்லாரும் முழுங்கிடுறாங்க. ஆனா பிடியூங்கிறது வெறும் எனர்ஜி, ஒண்ணுக்கு 1055 ஜூல். நேரத்தால வகுத்தாதான் அது பவர். கேள்வில நிமிஷத்துக்கு 211 கிலோஜூல்னு குடுத்திருந்தா 60-ஆல வகுங்க, அதே 3.517தான். சில புத்தகத்துல 210னு எடுத்துப்பாங்க, அப்ப 3.5 வரும், ஆப்ஷன் ரொம்ப நெருக்கமா இருந்தா மட்டும் கேள்வில என்ன குடுத்திருக்கான்னு பாத்துக்கங்க, மத்தபடி இதுக்கு மண்டைய ஒடைச்சுக்க வேணாம்.

இப்ப நெஜமாவே வில்லங்கமான இடம். கூலிங் கிலோவாட் வேற, கரண்ட் இழுக்கிற கிலோவாட் வேற. 1.5 டன் ஏசின்னா 18000 பிடியூ, 5.275 கிலோவாட். இது ரூம்ல இருந்து வெளிய தள்ளுற வெப்பம், மீட்டர்ல ஓடுறது இல்ல. மீட்டர்ல ஓடுறது தெரியணும்னா சிஓபியால (COP, இழுக்கிற கரண்டைப் போல எத்தனை மடங்கு வெப்பத்தை தள்ளுதுங்கிற எண்) வகுக்கணும், சிஓபி 3.5னா 1.507 கிலோவாட். அது ஃபுல் லோடுல 8 மணி நேரம் ஓடினா சுமார் 12 யூனிட், அதாவது 12 கிலோவாட்-மணி. சிஓபிக்கு பதிலா ஈஈஆர்ங்கிற (EER) இன்னொரு திறன் அளவைக் குடுத்து, அது வாட்டுக்கு எத்தனை பிடியூங்கிற கணக்குல இருந்தா, 3.412-ஆல வகுத்தா சிஓபி ஆயிடும், இல்ல 18000-ஐ நேரா ஈஈஆரால வகுத்தாலே வாட் வந்துடும், இது இன்னும் ஃபாஸ்ட்.

அப்ஜெக்டிவ் கேள்வில ஆப்ஷன் எப்படி வைக்கிறாங்கன்னு பாத்தீங்கன்னா இது நல்லா புரியும். 10 டன் பிளான்ட், சிஓபி 4, கம்ப்ரஸர் பவர் எவ்ளோன்னு கேள்வி. ஆப்ஷன் 35.17, 140.7, 8.79, 2.5. முதல்ல இருக்கிறது டன்னை மாத்திட்டு சிஓபியையே மறந்தவனுக்கு, ரெண்டாவது வகுக்க வேண்டிய இடத்துல பெருக்கினவனுக்கு, கடைசி 2.5 டன்னை மாத்தாமலே வகுத்தவனுக்கு. விடை 8.79 கிலோவாட். நான் பழைய கேள்வித்தாள் போடும்போது விடை வந்ததோட நிறுத்தாம மீதி மூணு ஆப்ஷனும் எங்கிருந்து வந்துச்சுன்னு கண்டுபிடிக்கப் பாப்பேன், புதுசா பத்து கணக்கு போடுறதை விட இது எனக்கு ஜாஸ்தி உதவுச்சு. அதே கேள்வில கண்டென்ஸர்ல (வெப்பத்தை வெளிய விடுற பாகம்) போற வெப்பம் கேட்டா கூட்டணும், 35.17-ம் 8.79-ம் சேத்து 43.96. ஹார்ஸ் பவர்ல கேட்டா 0.746-ஆல வகுத்து 11.8 கிட்ட வரும், மெட்ரிக் ஹார்ஸ் பவர்னு தெளிவா சொல்லிருந்தா 0.7355-ஆல வகுங்க.

ஹீட்டிங் பக்கம் இவ்ளோ தொல்லை இல்ல. சாதா காயில் ஹீட்டர்ல இழுக்கிற கரண்ட் அப்படியே வெப்பம் ஆயிடும், 2 கிலோவாட் ஹீட்டர்னா மணிக்கு 6824 பிடியூ. 15 லிட்டர் தண்ணிய 25 டிகிரில இருந்து 60-க்கு கொண்டு வரணும்னா 15-ஐ 35-ஆல பெருக்கி 525 கிலோகலோரி, 860-ஆல வகுத்தா 0.61 யூனிட், நஷ்டத்தை விட்டுட்டா அந்த 2 கிலோவாட் ஹீட்டருக்கு 18 நிமிஷ வேலை. ஹீட் பம்ப் (வெளிய இருக்கிற வெப்பத்தை உள்ள கொண்டு வர்ற மெஷின்) வந்தா மட்டும் உஷார், அங்க அதே சைக்கிளோட கூலிங் சிஓபியோட ஒண்ணைக் கூட்டினாதான் ஹீட்டிங் சிஓபி, மேல சொன்ன பிளான்ட்டையே ஹீட் பம்ப்பா கேட்டா 4 இல்ல, 5 போடணும்.