சாண்டா குரூஸில் ஜெயித்தது யார்?

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவும் ஜப்பானும் பசிபிக் கடலில் மோதிய மிட்வே சண்டையைப் பற்றி, போர்க்கதைகள் பக்கமே போகாதவர்களுக்கும் ஓரளவு தெரிந்திருக்கும். அதற்கு ஐந்து மாதம்கூட ஆகாமல், 1942 அக்டோபர் 26 அன்று, சாண்டா குரூஸ் தீவுகளுக்கு வடக்கே நடந்த சண்டையைக் கேட்டால் தலையைச் சொறிவார்கள். எனக்கு மிட்வேயைவிட இதுதான் பிடிக்கும், ஏனென்றால் யார் ஜெயித்தார்கள் என்று சட்டென்று சொல்லிவிட முடியாது.

சண்டைக்குக் காரணம் பசிபிக்கின் சாலமன் தீவுகளில் ஒன்றான குவாடல்கனாலில் இருந்த ஒரே ஒரு விமானத்தளம், ஹெண்டர்சன் ஃபீல்டு. ஆகஸ்டில் அமெரிக்கர்கள் அதைப் பிடித்தார்கள், அன்றிலிருந்து ஜப்பான் தரைப்படை அதைத் திரும்பப் பிடிக்க முட்டி மோதிக்கொண்டிருந்தது. அக்டோபர் 24 இரவு நடந்த தாக்குதலில் தளம் கைக்கு வந்துவிட்டதாகக் கடற்படைக்கு ஒரு செய்தி போனது. செய்தி பொய். இருந்தாலும் நான்கு விமானந்தாங்கிக் கப்பல்களோடு, ஷோகாகு, சூயிகாகு, சூயிஹோ, ஜுன்யோ, ஜப்பான் படை தெற்கே வந்தது. எதிரே அமெரிக்காவிடம் இருந்தது இரண்டே இரண்டு: எண்டர்பிரைஸ், ஹார்னெட். ஒரு வாரம் முன்புதான் பொறுப்பேற்றிருந்த அமெரிக்கத் தளபதி அட்மிரல் ஹால்சி அனுப்பிய உத்தரவில் மொத்தம் மூன்றே சொற்கள், அதில் இரண்டு "தாக்கு".

காலையில் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் விமானங்களைக் கிளப்பிவிட்டன. போகிற வழியில் அவை நடுவானில் ஒன்றையொன்று தாண்டிப் போயின. பெரும்பாலானவர்கள் பார்த்தும் பார்க்காதமாதிரி நேரே போய்விட்டார்கள், சூயிஹோவின் ஒன்பது ஜீரோ சண்டை விமானங்கள் மட்டும் ஆசை தாங்காமல் திரும்பி, எண்டர்பிரைஸின் விமானக் கூட்டத்தின் மேல் பாய்ந்தன. சிலவற்றை வீழ்த்தவும் செய்தன, ஆனால் அதோடு அவற்றின் தோட்டா தீர்ந்தது, அவை காவலுக்குப் போகவேண்டிய ஜப்பானியக் குண்டுவீச்சு விமானங்கள் அந்த அளவுக்குத் துணை குறைந்து போய்ச் சேர்ந்தன.

ஒன்பது மணிக்குப் பிறகு ஹார்னெட்டின் மேல் வந்து இறங்கியதை எப்படிச் சொல்வது! கால் மணி நேரத்துக்குள் மூன்று குண்டு, இரண்டு டார்பிடோ, போதாததற்கு அடிபட்ட இரண்டு விமானங்கள் அதன் மேலேயே வந்து விழுந்தன. ஆறு மாதம் முன்பு டோக்கியோ மேல் குண்டு போட 16 பாம்பர்களைச் சுமந்துபோன அதே கப்பல்தான். மும்பையில் விக்ராந்த் அருங்காட்சியகமாக நின்ற காலத்தில் அதில் ஏறிப் பார்த்தவர்களுக்கு அந்தத் தளத்தின் நீளம் நினைவிருக்கும், சுமார் 213 மீட்டர் கப்பல் அது. ஹார்னெட் 250 மீட்டருக்கும் மேல். இவ்வளவு பெரிய கப்பலை இன்னொரு கப்பல் கயிறு கட்டி இழுக்க, மதியத்துக்கு மேல் ஜப்பானியர்கள் திரும்ப வந்து இன்னொரு டார்பிடோ போட்டார்கள். கடைசியில் அமெரிக்கர்களே அதை மூழ்கடிக்கப் பார்த்து, டார்பிடோவும் நானூறுக்கு மேற்பட்ட குண்டுகளும் அடித்தும் முடியாமல் விட்டுவிட்டுப் போனார்கள். நள்ளிரவுக்குப் பின் வந்த ஜப்பானியக் கப்பல்கள்தான் அதை மூழ்கடித்தன.

எண்டர்பிரைஸுக்குத் துணையாக வந்த ஸ்மித் என்ற டெஸ்ட்ராயரின், அதாவது சின்னக் காவல் போர்க்கப்பலின், கதையை மட்டும் சொல்லாமல் போக மனசில்லை. ஒரு டார்பிடோ விமானம் அதன் முன்பகுதியில் மோதி, முன்பாதி முழுக்கத் தீ. கேப்டன் என்ன செய்தார் தெரியுமா? பக்கத்தில் வேகமாகப் போய்க்கொண்டிருந்த சவுத் டகோட்டா என்ற பெரிய போர்க்கப்பலின் பின்னால் கொண்டுபோய், அது கிளப்பிய நுரையலைக்குள் எரிகிற மூக்கை விட்டார். தீ அடங்கியது. பின்பாதியில் இருந்தவர்கள் அந்த நேரமும் துப்பாக்கியை நிறுத்தவில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். ஜப்பான் பக்கம் ஷோகாகுவுக்கும் சூயிஹோவுக்கும் நல்ல அடி, ஆனால் ஒரு கப்பல்கூட மூழ்கவில்லை. அமெரிக்கா ஹார்னெட்டையும் போர்ட்டர் என்ற டெஸ்ட்ராயரையும் இழந்தது, எண்டர்பிரைஸும் அடிபட்டது. ஹார்பர் லைன் ரயிலில் ரே ரோடு தாண்டும்போது, அங்கே பக்கத்தில் தாருகானாவில்தான் விக்ராந்தை உடைத்தார்கள் என்று என் அக்கா மகனுக்குக் காட்டப்போய், பேச்சு இந்தச் சண்டைக்கு வந்தது. "அரே மாமா, அப்போ ஜப்பான்தானே ஜெயிச்சது?" என்றான். "கப்பல் கணக்குல ஆமாடா. ஆள் கணக்கைப் பாரு" என்றேன்.

அன்று ஜப்பான் இழந்த விமானங்கள் 99, அமெரிக்கா இழந்தவை 81. இதில் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் ஜப்பான் இழந்த விமானிகளும் விமான ஊழியர்களும் 148 பேர், மிட்வேயில் இழந்ததைவிட அதிகம். அமெரிக்கப் பக்கம் 26 பேர். அந்த 148-இல் ஒருவர் முராடா, பேர்ல் ஹார்பரில் டார்பிடோ விமானங்களை நடத்திச் சென்றவர். குழுத் தலைவர்களும் அணித் தலைவர்களும் கொத்தாகப் போனார்கள். அதுவரை இல்லாத அளவுக்குப் புதிதாகப் பொருத்திய 40 மில்லிமீட்டர் பீரங்கிகளோடு அமெரிக்கக் கப்பல்கள் சுட்டுத் தள்ளியது இதற்கு ஒரு காரணம்.

அதைவிட மோசமானது பயிற்சி விஷயம். ஜப்பான் கடற்படை போருக்கு முன் கொஞ்சம் பேரையே எடுத்து, வருடக்கணக்கில் புடம்போட்டு விமானி ஆக்கியது. அப்படி ஆனவரைச் சாகும்வரை முன்னணியிலேயே வைத்திருந்தது. அமெரிக்கா சண்டை பார்த்த விமானிகளை ஊருக்கு அழைத்து, புதுப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கச் சொன்னது. ஒருவர் செத்தால் அவரோடு அவர் கற்றதும் போய்விடும் என்று ஜப்பானியத் தளபதிகளுக்குத் தெரியாமல் இருந்திருக்காது, மாற்று ஆள் இல்லாதபோது யாரை அனுப்புவது? என்னைக் கேட்டால் மிட்வேயில் மூழ்கிய நான்கு ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களைவிட இந்த ஒரு நாள் இழப்பு ஆறாத காயம். இதற்கு எதிர்வாதம் உண்டு, சொல்ல வருபவர்கள் தாராளமாகச் சொல்லலாம்.

அப்புறம் நடந்ததைப் பாருங்கள். சூயிகாகுவின் மேல் ஒரு கீறல்கூட இல்லை, ஆனால் அதில் ஏறிப் பறக்கப் போதுமான ஆள் இல்லாமல் ஜப்பானுக்குத் திரும்பவேண்டி வந்தது. எண்டர்பிரைஸோ நியூ கலிடோனியாவின் நூமியா துறைமுகத்தில் பாதி பழுதுபார்த்த நிலையில், வேலைக்காரர்கள் இன்னும் உள்ளேயே தட்டிக்கொண்டிருக்க, நவம்பர் நடுவில் மறுபடி குவாடல்கனாலுக்கு வந்தது. அந்த வாரம் ஜப்பான் அனுப்பிய 11 துருப்புக் கப்பல்களில் தீவின் கரையைத் தொட்டவை நான்கு.