கோல்ஃப் என்ற பெயரும் ஒரு கட்டுக்கதையும்

‘ஜென்டில்மென் ஒன்லி, லேடீஸ் ஃபர்பிடன்’ (ஆண்களுக்கு மட்டும், பெண்களுக்குத் தடை) என்பதன் ஆங்கில முதலெழுத்துகள்தான் ‘கோல்ஃப்’ (GOLF) என்று ஒரு ஃபார்வர்ட் சுற்றிக்கொண்டே இருக்கிறது. தயவுசெய்து பகிராதீர்கள், அது தவறு.

முதலெழுத்துகளைக் கோத்துச் சொல் உண்டாக்கும் பழக்கம் பரவலானதே 20-ம் நூற்றாண்டில்தான். இந்தச் சொல்லோ 1457-லேயே இருக்கிறது. அந்த ஆண்டு ஸ்காட்லாந்தில் இரண்டாம் ஜேம்ஸ் மன்னர் காலத்து நாடாளுமன்றம் கால்பந்தையும் கோல்ஃபையும் தடை செய்தது. ஆண்கள் வில்வித்தைப் பயிற்சியை விட்டுவிட்டு விளையாடப் போனதுதான் காரணம். தடைச் சட்டத்தில்தான் இந்தப் பெயரின் மிகப் பழைய எழுத்துச் சான்று கிடைக்கிறது!

அப்போது எழுத்துக்கூட்டலும் நிலையாக இல்லை. கோஃப், கௌஃப் என்றெல்லாம் எழுதினார்கள். சுருக்கப்பெயர் என்றால் எழுத்து இப்படி மாறுமா? தடி என்று பொருள்படும் ‘கோல்ஃப்’ (kolf) என்ற பழைய டச்சுச் சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்பதே பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். நம் ‘கோல்’ அதோடு ஒலியில் ஒத்துப்போவது தற்செயல், அதை வைத்து உறவு கொண்டாட வேண்டாம். பெண்களுக்குத் தடை என்ற கதைக்கும் பதில் உண்டு: ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் பெண்களுக்கென்றே 1867-ல் கிளப் தொடங்கிவிட்டது.

இதன் கூடப்பிறந்த கதை இன்னொன்று: ஒரு பாட்டில் விஸ்கியில் 18 பெக், அதனால்தான் கோல்ஃபில் ஒரு சுற்றுக்கு 18 குழி என்பது. அதுவும் பொய். செயின்ட் ஆண்ட்ரூஸில் ஒரு சுற்று 22 குழிகளாக இருந்தது. போகும்போதும் திரும்பும்போதும் பெரும்பாலும் அதே குழிகள். 1764-ல் முதல் 4 குழிகளை 2 ஆக்கினார்கள். போகையில் 2, வருகையில் 2 குறைய, மிச்சம் 18.